நாற்பத்தோரு ஆண்டு தாமதமான வீட்டுப்பாடம்

வெர்னா டக்கெட்டுக்கு ஐம்பத்தேழு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து கண்டிப்புக் கடிதம் வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். செவ்வாய்க்கிழமைதோறும் முங்கரா மண்ரோட்டில் தபால் வண்டி ஓட்டுகிறேன். இருநூறு கிலோமீட்டருக்கு இருக்கிற ஒரே சாப்பாட்டுக் கடை வெர்னாவும் அவள் புருஷன் கிளெமும் நடத்துவதுதான். டீசலும் அங்கேதான் போடவேண்டும்.

உறைமேல் 'செல்வி வெர்னா லட்டிமரின் பெற்றோருக்கு' என்று இருந்தது. லட்டிமர் என்பது கல்யாணத்துக்கு முன்பு அவள் குடும்பப் பெயர். பெற்றோர் இரண்டு பேரும் போய்ச்சேர்ந்து வருஷக்கணக்காகிறது. அவளே பிரித்து, மாவுக் கையோடு சத்தமாகப் படித்தாள்.

"'உங்கள் மகள் பதினோராம் வகுப்புக் கணக்கில் சார்புகள் பாடத்தின் வீட்டுப்பாடத்தையும் தேர்வையும் இன்னும் முடிக்கவில்லை. பதினாலாயிரத்து எண்ணூற்று முப்பது நாள் தாமதம். மகளிடம் அமர்ந்து பேசவும்.'"

கிளெம் அடுப்புப் பக்கமிருந்து "ம்ம்" என்றான். அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

நடந்தது இதுதான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிப்பவர்கள். அப்போதெல்லாம் ரேடியோவில் பாடம், இப்போது கணினியில். அந்தத் தொலைதூரப் பள்ளி தன் பழைய காகிதங்களையெல்லாம் கணினியில் ஏற்றியபோது, முடித்து மூடாத கோப்பு ஒவ்வொன்றையும் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை என்று கணினி எடுத்துக்கொண்டது. வெர்னாவின் கோப்பை யாரும் மூடியிருக்கவில்லை. 1983 செப்டம்பரில், அவள் அப்பா வேலை பார்த்த மாட்டுப் பண்ணையில் சமையல்காரர் சொல்லாமல் கிளம்பிவிட்டார். "ஒரு வாரம் சமையல்கட்டைப் பாத்துக்கோம்மா" என்றார் அப்பா. அந்த வாரம் இன்றுவரை முடியவில்லை.

வெர்னா பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது ஒரு சின்னப் பெண்.

"பேரை எடுக்கணும்னா பெத்தவங்க கையெழுத்துப் போடணுங்க."

"அவங்க ரெண்டு பேரும் செத்துட்டாங்கம்மா."

"ஐயோ, பாவமே. இப்ப உங்களை யாரு பாத்துக்கிறாங்க?"

"எனக்கு அம்பத்தேழு வயசு."

"இங்க பதினாறுன்னுதானே காட்டுது?" அந்தப் பெண்ணின் குரலில் நிஜமான கவலை இருந்தது. "ஒரு பாதுகாவலர் பேரைக் குடுங்க. அவர் கையெழுத்துப் போட்டா எடுத்துடலாம். இல்லேன்னா பாடத்தை முடிச்சுடுங்க, தானா மூடிக்கும்."

கணினியில் பாதுகாவலர் பட்டியல் இருந்தது. அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, குடும்ப நண்பர். பதினாறு வயதுப் பிள்ளைக்குப் புருஷன் இருக்கக்கூடும் என்று யாரும் நினைக்காததால் கிளெமுக்கு இடமில்லை. இருக்கிற ஒரே குடும்ப நண்பன் நான். அவளைவிட ஆறு வயது சின்னவன்.

"இன்னையிலேருந்து நீதான்யா எனக்கு அப்பன்" என்றாள். "ஒழுங்கா நடந்துக்கோ, ராய்ஸ்."

அடுத்த செவ்வாய் விலகல் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தபடியே கடைக்குள் போனேன். வெர்னா கணினி முன்னால் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இரு இரு. இந்தப் பாடம் என்னதான் சொல்லுதுன்னு பாத்துட்டு வெலகறேன்."

படிவத்தை மடித்து வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலுள்ள வெயில் மறைப்புக்குள் செருகினேன்.

செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்கு வகுப்பு. திரையில் எட்டுத் தலைகள். ஏழு பதினாறு வயது, ஒன்று வெர்னா. பாடம் நடத்திய மிஸ் கார்மோடிக்கு இருபத்து நான்கு வயது. நான் கடிதக் கட்டைப் பிரிக்கிற சாக்கில் அங்கேயே நிற்பேன்.

"சார்புன்னா ஒரு விதி. நீங்க எதை உள்ளே போட்டாலும் அதுக்கு ஒரே ஒரு விடைதான் வெளிய வரணும். ஒண்ணு போட்டா ரெண்டு விதமா வந்துதுன்னா அது சார்பே இல்ல" என்றாள் மிஸ் கார்மோடி.

வெர்னா கையைத் தூக்கினாள். "டீச்சர், என் ஓவன்ல ஒரே மாவு, ஒரே சூடு, ஒரே நேரம் வச்சு ஸ்கோன் ரொட்டி போடறேன். திங்கக்கிழமை கரியாகுது. புதன்கிழமை உள்ள வேகவே இல்ல."

"அப்ப உங்க ஓவன் சார்பு இல்ல, வெர்னா."

"நானும் பத்து வருஷமா அதைத்தான் கிளெம்கிட்ட சொல்றேன். ஆனா அவர் சார்புதான் டீச்சர். எதைக் கேட்டாலும் 'ம்ம்'தான் வரும்."

"அதுக்கு மாறிலிச் சார்புன்னு பேரு" என்றாள் மிஸ் கார்மோடி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. வெர்னா சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள். கிளெம் எட்டிப் பார்த்தான். தன்னைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு சொல் இருக்கிறது என்பதில் அவனுக்குப் பெருமைதான் என்று நினைக்கிறேன்.

ஜூன் மாதம் பெற்றோர் சந்திப்பு. பாதுகாவலன் என்ற முறையில் சட்டை மாற்றிக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தேன்.

"வெர்னாவுக்கு நல்ல மூளைங்க. ஆனா பாடம் நடக்கறப்ப மாட்டுக்கறி ஸ்டேக் பொரிக்கிறாங்க. சத்தத்துல மத்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் கேக்கல. வீட்ல கொஞ்சம் சொல்லி வையுங்க."

"சொல்லலாங்க. கேக்கணுமே."

"இந்த வயசுல அப்படித்தான் இருப்பாங்க" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் கண்டித்தேன். அவள் கேட்டாள் என்பதுதான் ஆச்சரியம். அன்றிலிருந்து வகுப்பு முடியும்வரை அடுப்பு கிடையாது. மாட்டு லாரிக்காரர்கள் கடை வாசலில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கேட்டுக் கேட்டு அவர்களில் இரண்டு பேருக்குக் குத்துக்கோட்டுச் சோதனை மனப்பாடமாகிவிட்டது. வரைபடத்தின் குறுக்கே நேர்க்குத்தாக எங்கே கோடு கிழித்தாலும் ஒரு இடத்துக்கு மேல் வெட்டக் கூடாது. "வட்டம் தேறாதுடா" என்று ஒருவன் டயரைக் காட்டி மற்றவனிடம் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன்.

வீட்டுப்பாடத்தை ஆகஸ்டில் அனுப்பிவிட்டாள். தேர்வு செப்டம்பர் இருபது, வெள்ளிக்கிழமை. அதில்தான் சிக்கல். தேர்வெழுதுகிறவர் முகத்தைக் கணினி கோப்பிலுள்ள படத்தோடு ஒத்துப் பார்க்கும். கோப்பில் இருந்தது 1983-இல் எடுத்த படம். இரட்டைச் சடை, வெயிலுக்குச் சுருக்கிய கண். வெர்னா எத்தனை முறை முகத்தைக் காட்டினாலும் ஒரே வரிதான் வந்தது: 'நீங்கள் வெர்னா அல்ல.'

"நாந்தான்டா வெர்னா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். பிறகு குரல் இறங்கியது. "அது சொல்றதும் சரிதானோ என்னவோ."

மிஸ் கார்மோடி போனில் வந்தாள். "படத்தை மாத்தணும்னா மேலிடத்துல நாலு மாசம் ஆகும். கணினிக்கு அந்த முகம் தெரியணும், அவ்வளவுதான். அந்தப் போட்டோ உங்ககிட்ட இருக்கா?"

இருந்தது. கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். பாதுகாவலன் என்று அன்றைக்கு நானும் போயிருந்தேன். கணினியின் கேமரா முன்னால் அந்தப் பதினாறு வயது வெர்னாவைத் தொண்ணூறு நிமிஷம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து மேஜையில் ஐம்பத்தேழு வயது வெர்னா எழுதினாள். திருட்டுத்தனம் எதுவும் இல்லை என்பதற்காக, என் போனைச் சர்க்கரை ஜாடியில் சாய்த்து வைத்து, அவள் எழுதுவதை மிஸ் கார்மோடி கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபதாவது நிமிஷம் எச்சரிக்கை வந்தது: 'மாணவி கண் இமைக்கவில்லை. நலமா?' கிளெம் வந்து சட்டத்தை லேசாக ஒரு ஆட்டு ஆட்டினான். எச்சரிக்கை மறைந்தது. அதற்குப் பிறகு இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஆட்டினான். தேர்வு முடிந்ததும் ஒரு குறிப்பு வந்தது: 'நன்னடத்தை மிகச் சிறப்பு. மாணவி ஒருமுறைகூடப் பார்வையைத் திருப்பவில்லை.' என் தோள்பட்டை மூன்று நாள் வலித்தது.

முடிவு அடுத்த வியாழன் வந்தது. நூற்றுக்கு எண்பத்து நான்கு. அதன் கீழே தாமதத்துக்கான கழிவு. நாளுக்கு ஒரு மதிப்பெண் வீதம், பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. மொத்த மதிப்பெண்: −14,903.

 துடைத்த மேஜையையே வெர்னா மூன்று முறை துடைத்தாளாம். லாரிக்காரர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்களாம். அந்த வார இறுதி முழுக்க அவள் ஸ்கோன் போடவே இல்லை என்று கிளெம் என்னிடம் சொன்னான். அத்தனை நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

செவ்வாயன்று என் கையில் ஒரு கடிதத்தைத் திணித்தாள். "படிச்சுப் பாரு. தப்பு இருந்தா சொல்லு."

'ஐயா, அம்மணி. மதிப்பெண் என்பது ஒரு சார்பு. உங்கள் விதிப்புத்தகம் ஏழாம் பக்கத்தின்படி அதன் வீச்சகம், அதாவது வெளியே வரக்கூடிய விடைகள், பூஜ்ஜியம் முதல் நூறு வரை. −14,903 அதில் இல்லை. ஆகவே உங்கள் கணினி சொன்னது மதிப்பெண்ணே அல்ல. எங்கள் ஊரில் அத்தனை ஆழத்துக்கு ஆழ்குழாய்க் கிணறுகூடக் கிடையாது. மேலும், தாமதக் கழிவு என்பது பாடம் பாக்கி என்று தெரிந்த பிள்ளைக்கு. எனக்கு நீங்கள் சொன்னது இந்த ஏப்ரலில். அதற்கு முந்தைய நாட்கள் உங்கள் விதியின் மதிப்பகத்துக்குள், அதாவது உள்ளே போடக்கூடியவற்றுக்குள், வரவே வராது. ஏப்ரல் முதல் நீங்கள் கொடுத்த தேதிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். இப்படிக்கு, வெர்னா டக்கெட், பதினோராம் வகுப்பு.'

"தப்பு இருக்கா?"

"எனக்கு இதுல பாதி புரியலம்மா."

"அப்ப சரியாத்தான் இருக்கும். ஒட்டு."

மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்து இரண்டு வாரம் விவாதித்ததாக மிஸ் கார்மோடி பிறகு சொன்னாள். பதில் என் பெயருக்கு வந்தது: உங்கள் பராமரிப்பிலுள்ள மாணவியின் மதிப்பெண் எண்பத்து நான்கு, தாமதக் கழிவு எதுவும் இல்லை. சேர்ந்து படித்த ஏழு பிள்ளைகளும் திரையில் கை தட்டினார்கள். வெர்னா ஏப்ரன் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் ஓசியில் ஸ்டேக் என்றாள். அன்று கடையில் இருந்தது நானும் இரண்டு லாரிக்காரர்களும்தான்.

பாடம் முடிந்ததால் கோப்பு தானாக மூடிக்கொண்டது. அடுத்த வியாழன் காலை பத்து மணிக்கு வகுப்புக்குள் நுழையப் பார்த்தாள். அப்படியொரு மாணவி இல்லை என்றது கணினி.

"என்னை யாருடி எடுக்கச் சொன்னது?" என்று போனில் அவள் போட்ட சத்தம் டீசல் பம்புவரை கேட்டதாம். அதே சின்னப் பெண், மறுபடி சேர வேண்டுமானால் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும் என்றாளாம். செவ்வாயன்று நான் போய்ச் சேருவதற்குள் சேர்க்கைப் படிவம் தயாராக இருந்தது. வண்டியின் முன்மூடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"அடுத்து முக்கோணவியல்" என்றாள். "பாகைமானி ஒண்ணு வேணும், வர்றப்ப வாங்கிட்டு வா."

வழியில் இருந்த மூன்று ஊர்களில் தேடினேன். கிடைத்தது ஒன்றே ஒன்று, இளஞ்சிவப்பு நிறத்தில், மேலே இறக்கை வைத்த குதிரைப் படம் போட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நூற்றெண்பது பாகையும் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.