கேட்கிறவனும் கேட்கிறவனும்

ஓடிப்போகிறவள் மடிக்கணினியைத் திறந்தபடியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டா ஓடுவாள்? முதலில் அந்தப் பக்கத்து வீட்டுத் தையல்காரி இதற்குப் பதில் சொல்லட்டும். காலையில் என் மருமகள் படியிறங்கிப் போனாள். மத்தியானத்துக்குள், புருஷன் கப்பலில் இருக்கும் நேரம் பார்த்து ஏதோ ஹோட்டல் சர்வரோடு போய்விட்டாள் என்று கீழே காய்கறிக் கடை வரைக்கும் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு எழுதத் தெரியாது, பேசத் தெரியும். நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகன் கப்பலில் சமையல்காரன். அவனைக் கட்டிக்கொண்டு வந்தபோது இவள் கணினிப் படிப்பில் பாதி தாண்டியிருந்தாள். பேத்தி வயிற்றில் வந்தாள், படிப்பு அங்கேயே நின்றது. பிறகு மீன் கிடங்கில் வேலை. பனிக்கட்டிக்குள் கையை விட்டு விட்டு விரலெல்லாம் வீங்கி வெளுத்துப்போனது. வீட்டுக்கு வந்தால் பொத்தானைக் கழற்றக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். இனிமேல் குளிரில் கை வைத்தால் அந்த விரல்கள் உதவாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். கிடங்கு மேஸ்திரியோ விடவில்லை. "கையுறை தர்றோம், வரச் சொல்லுங்க" என்று ஆள்மேல் ஆள் அனுப்பினார்.

அப்போதுதான் பரண்மேல் கிடந்த பழைய மடிக்கணினியை இறக்கினாள். ஆஸ்பத்திரிகளுக்கு இணையப் பக்கம் நடத்துகிற ஓர் அலுவலகத்தில் ஆள் தேவை என்றார்கள். கடையில் வாங்கின மாதிரி ஆயத்தமாக எதையும் எடுக்கக் கூடாது, நீயே சின்னதாக ஒரு சர்வர் எழுதிக்கொண்டு வா, எங்கள் கண் முன்னால் அது நம் மொழியில் ஒரு பக்கத்தைக் காட்ட வேண்டும், காட்டினால் வேலை என்று சொல்லியிருந்தார்கள். காட்டாவிட்டால் பழையபடி பனிக்கட்டிதான். எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவள் விரல்களை நீட்டி மடக்கிப் பார்க்கும்போதெல்லாம் நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒருநாள் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டேன்.

"சர்வர்னா ஹோட்டல்ல பரிமாறுறவன்தானே?"

"கிட்டத்தட்ட அவனேதான் அத்தை. பிரவுசர் வந்து உக்காந்து, இந்தப் பக்கம் வேணும்னு கேப்பான். சர்வர் அதைக் கேட்டு, இருந்தா கொண்டுவந்து வைப்பான். இல்லாட்டி நானூத்தி நாலும்பான்."

"அது என்ன, விலையா?"

"இல்லைங்கறதுக்கு அவங்க பாஷை."

"சரி, கேக்குறவன் யாரு?"

"பிரவுசர்."

"அப்ப சர்வர்?"

"அவனும் கேட்டுக்கிட்டுதான் இருப்பான். காதால. எவன் எப்ப வருவான்னு வாசல்லயே காதை வச்சிருப்பான்."

"ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டே இருந்தா சோறு எப்படி வரும்?"

விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கப்புறம் வெகுநாள் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

இங்கிலீஷில் எழுதினால் பக்கம் முழுசாக வந்தது. தமிழில் எழுதினால் வெட்டுப்பட்டு வந்தது. வணக்கம் என்று அடித்தால் முதல் இரண்டு எழுத்தும், அதை ஒட்டி ஒரு கறுப்புச் சில்லும் தெரியும், அவ்வளவுதான். படிக்கத் தெரியாத எனக்கே அது மூளி என்று தெரிந்தது. சாப்பாட்டை வைக்கும் முன்பே சர்வர், இருக்கிறதா இல்லையா, என்ன வகை, எவ்வளவு நீளம் என்று சொல்லிவிட வேண்டுமாம். அப்புறம் ஒரு வரியை வெறுமையாக விட்டு, அதன் பிறகுதான் பரிமாற வேண்டும். சொன்ன அளவு வந்ததும் பிரவுசர் எழுந்து போய்விடுவான். மீதி இருக்கிறதா என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். சரியென்று இவள் அளவைக் கூட்டிச் சொன்னால், இன்னும் வரும் இன்னும் வரும் என்று நகராமல் உட்கார்ந்திருப்பான். திரையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து இவள் நகத்தைக் கடிப்பாள். ஆறிப்போன தேநீர் ஆடை கட்டும்.

"கேக்குறான், குடுக்குறேன், பாதியிலயே எழுந்து போயிடுறான். அதிகமா தர்றேன்னா போகவே மாட்டேங்குறான்!" என்று ஒருநாள் கத்தினாள். பக்கத்து வீட்டில் தையல் இயந்திரம் நின்றது. நின்றது என் காதில் விழுந்தது.

மறுநாள் தையல்காரி என்னைப் படியில் மறித்தாள். "பெரியம்மா, உள்ள யாரு ஆம்பளைக் குரல்?"

"ஆம்பளைக் குரலா? உன் காதுக்கு எண்ணெய் விடு. அவ சர்வர்கூட மல்லுக்கட்டுறா."

"எந்த ஹோட்டலு?"

"எந்த ஹோட்டலும் இல்ல. அவளே உண்டாக்கினது."

நான் உள்ளதைத்தான் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

அலுவலகம் வரச்சொன்ன நாள் நெருங்க நெருங்க இவள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். பேத்தி தலைவாரச் சீப்போடு வந்தால் என்னிடம் தள்ளிவிடுவாள். மேஸ்திரியின் ஆள் வந்தபோது, "கையுறை கெட்டியானதுதானா அத்தை? கேட்டு வைங்க" என்றாள். என் மனசு விட்டுப்போனது அப்போதுதான்.

போவதற்கு முதல் நாள், எல்லாவற்றையும் அழித்துவிட்டு "அ" என்று ஒரே ஒரு எழுத்தை அடித்தாள். நீளம் ஒன்று என்று சொன்னாள். கறுப்புச் சில்லு. இரண்டு என்றாள். அதே சில்லு. மூன்று என்றதும் "அ" வந்து நின்றது.

விரல்விட்டு ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அத்தை! இங்கிலீஷ் எழுத்து ஒண்ணுக்கு ஒரு இடம் போதும். நம்ம எழுத்துக்கு மூணு இடம் வேணும். புள்ளிக்கு மூணு, கொம்புக்கு மூணு. நான் எழுத்தை எண்ணிட்டு இருந்திருக்கேன், இடத்தை எண்ணவே இல்ல!"

இடத்தை எண்ணச் சொல்லிக்கொடுத்ததும் பக்கம் முழுசாக வந்தது. வணக்கம், வெளிநோயாளிகள் வலப்பக்கம் செல்லவும் என்று விரல் வைத்து எனக்குப் படித்துக் காட்டினாள். நம்பாமல் மறுபடி மறுபடி திறந்தாள்.

"ஓடுறான் அத்தை, ஓடுறான்! நாளைக்கு இவனைக் கூட்டிக்கிட்டுதான் போறேன்!"

பக்கத்து வீட்டு இயந்திரம் மறுபடி நின்றது.

காலையில் புதுப் பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. அந்தப் பழைய கணினியை மூடினால் சில சமயம் திரை திரும்ப வராது. மூடவே மாட்டேன் என்றாள். வேலைக்காரன் தட்டு ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். வீங்கின விரல்களை அதன் அடியில் விரித்துக் கொடுத்தாள். பையை நான்தான் தோளில் மாட்டிவிட்டேன்.

"அங்க போய் வெட்டுப்பட்டா அத்தை?"

"வெட்டுப்பட்டா வெட்டுப்பட்டதைக் காட்டிட்டு வா. கிடங்குக்கு மட்டும் நான் உன்னை அனுப்ப மாட்டேன்."

ஜன்னலில் தையல்காரி தலையை நீட்டி, "எங்க, ரெண்டு பேருமா?" என்று கேட்டாள். இவள் காதில் அது விழவே இல்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "வெளிச்சம் இருக்கா, பாருங்க அத்தை" என்றாள்.

"இருக்கும்மா."

இரண்டு கையும் நிறைந்திருந்ததால் அவளால் தாழ்ப்பாளைத் தொட முடியவில்லை. ஓடிப்போனாள் என்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்: தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவை விரியத் திறந்து, "போய்ட்டு வா" என்று சொன்னவள் நான்.