எஞ்சினுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் பொட்டுக்குத் தப்பிய பொருள் என்று ஆயுத பூஜையன்று எதுவும் இருக்காது. மிக்ஸி, அப்பாவின் ஸ்கூட்டர், கத்தரிக்கோல், என் காம்பஸ் பெட்டி எல்லாவற்றுக்கும் அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவாள். அந்த வருஷம் பூஜையில் புதிதாக ஒரு ரயில் எஞ்சினும் வந்து உட்கார்ந்திருந்தது.

முழங்கை நீளம்தான் இருக்கும். ஆனால் பொம்மை என்று சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். உள்ளே தண்ணீர் ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினால் நிஜ நீராவியில் ஓடுகிற எஞ்சின் அது. கட்கியில் இருந்த ஒரு வயதான டாக்டருடையது. பல வருஷம் பரணில் கிடந்ததில் பாய்லரில் உப்புப் படிந்து, குழாய்களெல்லாம் கசிந்தன.

மாமா அம்மாவின் தம்பி. ஆகுர்டியில் தொழிற்சாலை வேலை போய், போபோடியில் எங்கள் இரண்டு அறை வீட்டில் ஒண்டியிருந்தார். இதைச் சரிசெய்து ஓட்டிக் காட்டினால் டாக்டர் தன்னிடமிருந்த மற்ற எஞ்சின்களையும் பழுதுபார்க்கக் கொடுப்பார், அவருடைய கூட்டாளிகளும் கொடுப்பார்கள் என்று நம்பினார். இல்லாவிட்டால் சொந்த ஊருக்கே திரும்பிவிடுவதாகவும் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு அம்மாவைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

மாமா உப்பைக் கரைத்தார், கசிவுகளைப் பற்றவைத்தார், பச்சைத் தண்ணீரை அழுத்தி ஏற்றி பாய்லர் தாங்குகிறதா என்று பார்த்தார். எஞ்சினின் முதுகில் குமிழ் மாதிரி ஒரு பித்தளை வால்வு உண்டு. நீராவி அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து வெளியே விட்டுவிடும். அதை அவர் துடைத்துத் துடைத்தே தேய்த்துவிடுவார் போலிருந்தது.

பூஜையன்று அம்மா எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எஞ்சினா இருந்தா என்ன, அதுக்கும் நெத்தின்னு ஒண்ணு இருக்கும் இல்ல?" என்று தேடி, பளபளத்த அந்தக் குமிழின் மேலேயே தாராளமாகச் சந்தனத்தை அப்பினாள். பூஜையில் வைத்த சாமானை மறுநாள்வரை தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மாமாவும் தொடவில்லை.

மறுநாள் தசரா. டாக்டர் இந்த மராத்தி ஊர் வழக்கப்படி ஆப்டா இலைகளோடு வந்து, தங்கம் என்று சொல்லி ஆளுக்கொன்று கொடுத்தார். மாமா கூடத்தில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி விளக்கை ஏற்றினார். அழுத்தம் காட்டும் முள் மெல்ல ஏறிச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வால்வு சீற வேண்டிய இடம் அது. சீறவில்லை. முள் கோட்டைத் தாண்டியது. எங்கள் எஞ்சினுக்குப் பலம் கூடிவிட்டது என்று நான் கைதட்டினேன்.

மாமா சட்டென்று விளக்கை உருவி அணைத்தார். "அக்கா, புள்ளையக் கூட்டிக்கினு உள்ள போ. சாப், ஆப் பீ" என்று டாக்டரையும் உள்ளே அனுப்பினார்.

எல்லோரும் சமையலறையில் அடைந்துகொண்டோம். மாமா மட்டும் கூடத்தில் எட்டி நின்று ஒட்டடைக் கோலை நீட்டி எஞ்சினின் விசிலைத் திறந்துவிட்டார். உள்ளிருந்த நீராவி தீரும்வரை அது ஊளையிட்டது. கொதிக்கிற ரசத்துக்குப் பக்கத்தில் நின்று டாக்டர் கதவிடுக்கு வழியே கூடத்தை எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், மாமா ஊருக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

எஞ்சின் ஆறியதும் மாமா வால்வைக் கழற்றினார். உள்ளே சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. மாமா அவள் பக்கம் திரும்பவே இல்லை. விளக்கேற்றுமுன் வால்வைத் தான் பார்த்திருக்க வேண்டும், தப்பு தன்னுடையது என்று டாக்டரிடம் இந்தியில் சொன்னார்.

கழுவி மாட்டி மறுபடி ஏற்றியபோது வால்வு சரியாகக் கோட்டில் சீறியது. வீடெல்லாம் சந்தன வாசனை. எஞ்சின் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. டாக்டர் அதை அதிகம் பார்க்கவில்லை, மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது, "இத்வார் கோ கர் ஆனா. பாக்கி எஞ்சின் பீ லே ஜானா" என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து மற்றவற்றையும் எடுத்துப்போகச் சொல்கிறார் என்று புரிந்ததும் அம்மா அழுதேவிட்டாள்.

மாமா ஊருக்குப் போகவில்லை. இன்று தேஹு ரோட்டில் அவருக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது. ஆயுத பூஜைக்கு அம்மா அங்கே போய்ச் சக்கரத்தில் மட்டும் பொட்டு வைக்கிறாள். அன்றைக்கு எனக்கு ஒரு குறைதான்: முதல் தடவையே எஞ்சின் ஓடியிருந்தால் டாக்டர் இன்னும் மெச்சியிருப்பாரே என்று. மாமா அதை நிறுத்திய விதத்தைப் பார்த்துத்தான் அவர் மற்ற எஞ்சின்களையும் ஒப்படைத்தார் என்பது அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?