கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

என் அடுப்படியில் ஒரு வெந்நீர் பிளாஸ்க் இருக்கிறது. அதன் மூடி நெளிந்திருக்கும். நெளித்தது நான்தான்.

தல்லாகுளத்தில் ஒரு மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்குக் கூட்டிப் பெருக்கி வெந்நீர் வைத்துக் கொடுக்கிற வேலை. வானத்தில் பறந்து ஊரைக் காப்பாற்றுகிற கார்ட்டூன் பொடியனுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர், மேலூரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு அக்கா. நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் கத்துவார். இந்தப் பக்கம் எனக்கு ஒரு சத்தமும் கேட்காது. கழுத்து நரம்பு புடைப்பது மட்டும் தெரியும். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அந்த நரம்பைப் பார்த்தாலே பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கதவருகே போய் நின்றுவிடுவேன். "உனக்குப் பயப்படுறதுக்குத்தான்டி சம்பளம்" என்று அக்கா சிரிப்பார்.

கத்தல்களை எப்போதும் கடைசியில்தான் பதிவு செய்வார்கள். முதலில் கத்தினால் தொண்டை கட்டி, பேச்சு வராது. அன்று விளம்பரத்துக்காகச் சண்டைக் காட்சிகள் மதியத்துக்குள் வேண்டுமென்று, கத்தலை முதலில் எடுத்துவிடலாம் என்றார் சவுண்டு அண்ணன். அக்கா தலையாட்டினார். ஆனால் காலையில் மாடிப்படியிலேயே என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்: "நாலு நாளா தொண்டை காந்துதுடி. அண்ணேகிட்ட சொல்லிராத, வேற ஆளைப் போட்டுருவாக." சொன்னால் அவர் பிழைப்புப் போகும், சொல்லாவிட்டால் தொண்டை போகும். படிக்காத நான் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள் என்றும் தோன்றியது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் புலம்புகிற வாய், அன்று திறக்கவே இல்லை.

நாலாவது முறையாகப் பிளாஸ்க்கை நிரப்பி உள்ளே அக்காவிடம் கொண்டுபோனபோது, பதிவு தொடங்கிவிட்டது, அப்படியே அசையாமல் நில் என்று ஸ்பீக்கரில் அண்ணன் குரல் வந்தது. திரையில் பொடியன் மலையிலிருந்து விழுந்தான். அக்கா வாயைத் திறந்தார். நரம்பு புடைத்தது. சத்தம் இல்லை. எப்போதும் அப்படித்தானே என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகுதான் உறைத்தது, எங்கள் இருவருக்கும் நடுவில் கண்ணாடி இல்லை. கையிலிருந்த பிளாஸ்க் நழுவியது.

பேச்சு திரும்ப மூன்று மாதமானது. பொடியனின் குரல் திரும்பவே இல்லை. இப்போது மேலூரில் தையல் கடை வைத்திருக்கிறார். போனில் கரகரத்த குரலில், "நீ அன்னைக்குச் சொல்லியிருந்தா உன்னைய மன்னிச்சிருக்கவே மாட்டேன்டி, விடு" என்பார். ஆறுதலாகத்தான் சொல்கிறார். எனக்குத்தான் ஆறவில்லை.

என் மகள் அக்கா குரல் கொடுத்த அந்தப் பழைய கார்ட்டூனைப் போனில் போட்டுப் பார்க்கிறாள். பொடியன் வாயைத் திறக்கிறபோதெல்லாம், வெந்நீர் ஊற்றிக்கொண்டிருக்கும் நான் பிளாஸ்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வருகிறவரை மூச்சுவிடாமல் நிற்கிறேன். இதுவரை ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறது.