இரத்தம் சொன்ன வயது

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில், படத்துக்குக் கீழே உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் பார்த்து, அச்சகத்தார் யாருடையதையோ மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். பிழை திருத்தியது நான். ஓராண்டு நினைவு நாளுக்கு அண்ணனைப் பற்றி எழுதச் சொன்ன உறவினர்கள் நல்லதையே எழுதுவேன் என்று நம்பியிருப்பார்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். அதோடு ஒட்டிக்கொண்டு வருவதையும் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணன் கோலார் தங்கச் சுரங்கத்தைச் சேர்ந்த கோரமண்டலில், தொழிலாளர் லைன் வீடொன்றில் பிறந்தார். பள்ளியில் நான்கு வருடம், பிறகு பூதிகோட்டைப் பக்கம் தோட்ட வேலை. பாறை சரிந்து அப்பா இறந்தபோது, அவர் வேலையை மகன் ஒருவனுக்குத் தருவதாகச் சொன்னார்கள். இருபத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அண்ணனுக்கு இருபத்தாறு. எனக்குப் பதினாறு, சுரங்கத்தில் இறங்க அது போதாது. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பிள்ளை பிறந்து, மூன்று வயதில் காய்ச்சலில் போனது. இருந்திருந்தால் அதற்குப் பத்தொன்பது. அம்மா டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அந்தப் பிள்ளையின் பிறப்புச் சீட்டை எடுத்து வைத்தார். இறப்பை யாரும் பதிவு செய்திருக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணன், தன் இறந்த தம்பியின் பெயரில் ஏழு வயது இளையவராக, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறி இறங்கினார்.

அந்தச் சம்பாத்தியத்தில்தான் நான் பி.ஏ. படித்தேன். படித்துவிட்டு அதே சுரங்கத்தின் டைம் ஆபீசில் சேர்ந்து, மற்றவர்கள் வயதைச் சரிபார்க்கும் வேலையில் அமர்ந்தேன். பொய் வயது கொடுத்தவர்களுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவது என் மேசை. அண்ணனின் பதிவேடும் வருடா வருடம் என் கையெழுத்தோடுதான் போயிற்று. ஒருமுறை மட்டும் அவரிடம் பேச்செடுத்தேன்.

"டேய், ஆபீஸ்காரன் வாயும் கேஜ் கதவும் ஒண்ணு. சாத்துனா சாத்துனதுதான். போய் டீ குடி" என்றார்.

அண்ணன் எனக்குக் கீழே இருந்த தங்கைகளைக் கரையேற்றிவிட்டு முப்பத்தெட்டில் திருமணம் செய்துகொண்டார். ஒரே மகள். சுரங்கம் மூடிய பிறகு காவலாளி வேலைக்குப் பெங்களூருக்கு ரயிலில் போய்வந்தார். அண்ணி இறந்தபின் சமையலும் அவரே. ஒரு நாள் திரும்பி வருகையில் கோரமண்டலில் இறங்காமல் கடைசி நிலையமான மாரிக்குப்பம் வரை போய், காலி வண்டியில் உட்கார்ந்திருந்தார். நோய் அங்கே தொடங்கியது. உண்மையில் அப்போது அவருக்கு அறுபத்தாறு. ஆவணப்படி ஐம்பத்தொன்பது.

நான்கு வருடம் கழித்து, மூளை முதுமையையும் மறதி நோயையும் ஆராயும் குழு ஒன்று பெங்களூரிலிருந்து வந்தது. மகள் அவரைச் சேர்த்தாள். படிவத்தை நிரப்பியவன் நான். பதிவேட்டில் உள்ளதை அப்படியே எழுதினேன். நினைவாற்றலைச் சோதித்த பெண், "உங்க பேர் இன்னா ஐயா?" என்று கேட்டாள். அண்ணன் தன் சொந்தப் பெயரைச் சொன்னார். நாற்பத்து நான்கு வருடம் கழித்து, முதல் முறையாக. அவள் படிவத்தைப் பார்த்தாள். "பாவம், பேரே மறந்துட்டாரு" என்று பூஜ்யம் போட்டாள். நான் தலையசைத்தேன்.

இரத்தமும் எடுத்தார்கள். மரபணுவின் எழுத்துகள் மாறாமலே, அவற்றின் மேல் காலம் சில வேதிக் குறிகளை ஒட்டிக்கொண்டே போகிறதாம். அவற்றைக் கொண்டு ஓர் உடலின் வயதை ஏறக்குறையக் கணக்கிடலாம். அண்ணனின் இரத்தம் ஆவணத்தைவிட ஏழு வயது மூத்திருந்தது. செல்வாக்குக்கும் சிபாரிசுக்கும் மசியாத அப்படி ஒரு கிளார்க் எங்கள் ஆபீசில் இருந்ததில்லை. குழுவின் மருத்துவர் அதைச் சுரங்கத்தின் சூட்டுக்கும் தூசுக்கும் கணக்கு எழுதினார். பிறகு மகளிடம், "அறுபதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு. இது பரம்பரையா வர்ற வகையா இருக்கலாம்" என்றார். தெரிந்த மரபணு மாற்றங்களைத் தேடினார்கள், எதுவும் கிடைக்கவில்லை. கண்டுபிடிக்கப்படாதது இன்னும் இருக்கலாம், வயதுதான் சந்தேகத்துக்குக் காரணம் என்றார் அவர்.

அந்த வயதோ, என் கையெழுத்தில் இருந்தது.

குடியாத்தத்தில் மகளுக்கு வரன் முடிவாகியிருந்தது. பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவளே கூப்பிட்டு வேண்டாம் என்று சொன்னாள். "நாளைக்கு என்னையும் இப்படித் தூக்கி உக்கார வெக்கணும்னா, அவர் இன்னா பாவம் செஞ்சாரு சித்தப்பா?" என்று என்னிடம் கேட்டாள். அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டாள். நான் கிண்ணத்தை வாங்கி வைத்தேன். பதிவேடு கிளறப்படும், அண்ணன் கடைசிக் காலத்தில் மோசடிக்காரர் ஆவார் என்று எனக்கு நானே விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டேன். பயம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம்.

மூன்று வருடம் போயிற்று. அண்ணனுக்கு விழுங்குவது மறந்தது. நெஞ்சில் சளி கட்டி, ஆறாம் நாள் காலையில் போய்விட்டார். இறப்புப் பதிவுப் படிவத்தை எழுத மகள் உட்கார்ந்தாள்.

"வயசு அறுபத்தாறு தானே சித்தப்பா?"

"எழுபத்து மூணு" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்தாள். நான் முழுவதையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"அப்பா வயசு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. என் வயசு தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். முப்பத்து மூன்று.

மருத்துவரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை; கணக்கு இப்போதுதான் சரியாக வருகிறது என்றார். அண்ணனுக்கு வந்தது முதுமையில் வரும் சாதாரண வகை. மகளுக்கு ஆபத்து மற்றவர்களைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இளவயது நோயாளிகள் பட்டியலிலிருந்து அண்ணனை நீக்கினார்கள். குடியாத்தத்துப் பையனுக்கு அதற்குள் ஒரு குழந்தை.

அண்ணனைத் தூக்கிக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், ரயிலில் தொலைந்த நாட்களில் கைப்பிடித்து வீடு சேர்த்தவர்களுக்கும், பாடை சுமந்த பழைய ஷிப்ட் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மூன்று வயதில் போய், பெயரைக் கடன் கொடுத்துவிட்டு அறுபது வருடம் இறக்க முடியாமல் இருந்த நடு அண்ணனுக்கும் நன்றி. அவருடைய இறப்பைப் பதிவு செய்ய கோலாரில் மனு கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரையின் அச்சுப்படியை மகளுக்கு அனுப்பினேன். அவள் எதையும் மாற்றவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதியிருந்தாள்: "இது புக்குல வேணாம். நேர்ல வந்து கேளுங்க."

அவள் வீடு இரண்டு லைன் தள்ளி. மலரின் முதல் பிரதியோடு அங்கே போக வேண்டும்.