மூன்று பீச்சும் ஒரு பிடி கொட்டையும்

கமலினிக்குக் கிழமையில் ஒரு தடவையாவது பிரசவ வலி வரும். இடையிடையே நெஞ்சு அடைக்கும், கார் இடிபடும், வீட்டுச் சொந்தக்காரர் வீட்டை விடச் சொல்வார். எல்லாம் மல்கிரேவ் புறநகர் வீட்டின் சின்ன அறையில், காதில் ஹெட்செட்டோடு. தொலைபேசி உரைபெயர்ப்பாளரின் விதி அப்படி: பேசுகிறவர் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. வாய் ஓயாத கமலினிக்கு அதுதான் கஷ்டம். ஆறுதல் வார்த்தைகளை விழுங்கி விழுங்கியே உடம்பு வைத்துவிட்டது என்பாள்.

"அது சொல் விழுங்கி வந்த உடம்பில்லை, கொத்துரொட்டி விழுங்கி வந்தது" என்பார் கணவர் ஸ்ரீகாந்தன்.

இலையுதிர் காலத்து ஞாயிறு ஒன்றில் ஓர் அழைப்பு. ஒரு பக்கம் சுகாதார ஆலோசனை சொல்லும் நேர்ஸ். மறுபக்கம் பொனிபஸ் என்ற மன்னார்க்காரர், பதறிப்போய்.

"மிஸ், மகள் பீச் கொட்டை திண்டுட்டாள். மூண்டு வயசு."

பீச் பழத்தின் கொட்டை என்று கமலினி ஆங்கிலத்தில் சொன்னாள். முழுசாக விழுங்கினாளா, உள்ளிருக்கும் பருப்பைத் தின்றாளா என்று நேர்ஸ் கேட்டார்.

"பருப்புத்தான். ஒரு பிடி இருக்கும்."

நேர்ஸின் குரல் இறுகியது. பீச் பருப்பில் நஞ்சு உண்டு. ஒரு பிடி என்றால் ஆம்புலன்ஸ் அனுப்ப வேண்டும் என்றார். கமலினி அதையும் சொன்னாள். தொலைவில் பொனிபஸின் மனைவி பேர்ள் அழுவது கேட்டது.

"கடவுளே, பல்லாலயே உரிச்சு உரிச்சுத் திண்டவள்."

கமலினிக்குச் சுருக்கென்றது. பீச் கொட்டையை அவளே சுத்தியலால்தான் உடைப்பாள். மூன்று வயதுப் பல்லா உரிக்கும்? கேட்டுத் தெளியாமல் ஒரு சொல்லைப் பெயர்த்துவிட்டாள். உரைபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும் என்று நேர்ஸிடம் அனுமதி கேட்டாள்.

"அண்ணை, எந்தப் பீச்? பழமோ?"

"பழமில்லை. பீச்சடியில பொறுக்கினது."

"கடற்கரையிலயோ?"

"என்ன கடற்கரை? மலையில, மிஸ். இலை நிறம் மாறுறதைப் பார்க்கப் போன தோட்டத்தில. மரத்தில பலகை அடிச்சிருந்தது, பீச் எண்டு."

"எழுத்தெழுத்தாச் சொல்லுங்கோ."

"பி. பிறகு ரெண்டு ஈ."

"ரெண்டு ஈயோ? வடிவாத் தெரியுமோ?"

"ஓம், படம் எடுத்தனான். முள்ளுக் கோது. உள்ளுக்குள்ள மூண்டு மூலைக் கொட்டை, நகத்தளவு."

பழமுமில்லை, கடற்கரையுமில்லை, ஆங்கிலத்தில் beech என்று எழுதும் மூன்றாவது ஒன்று, ஒரு காட்டு மரம். அதை நேர்ஸிடம் சொல்லி, முதலில் தவறாகச் சொன்னது உரைபெயர்ப்பாளர் என்று கமலினி ஒப்புக்கொண்டாள். நேர்ஸ் நீளமாக மூச்சு விட்டார். பச்சையாக நிறையத் தின்றால் வயிறு வலிக்கும், சத்தியும் வரலாம். தண்ணீர் கொடுங்கள், கவனித்துக்கொள்ளுங்கள், சத்தி எடுத்தால் உடனே கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றார்.

"மிஸ், அதுக்குத் தமிழில என்ன பேர்?" என்றார் பொனிபஸ், உயிர் திரும்பியவராக.

கேட்டதையெல்லாம் பெயர்க்க வேண்டுமே. தமிழில் இதற்கு என்ன பெயர் என்று அயர்லாந்துப் பேச்சுள்ள அந்த நேர்ஸிடம் கமலினி ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் சிரித்தார்: உங்கள் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

"உரைபெயர்ப்பாளருக்கும் தெரியாதாம்" என்றாள் கமலினி.

பின்னாலிருந்து பேர்ளின் குரல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு: "சமோசா மாதிரி இருக்கு. சமோசாக் கொட்டை எண்டு சொல்லுங்கோவன்."

கமலினி அதையும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் நேர்ஸுக்குச் சொன்னாள்.