பட்டினிப் பேச்சு

பொங்கல் முடிந்த கையோடு அந்த ஏசி பஸ் மலையேறி வந்துவிடும். முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு பேனர். முதல் தலைமுறை மாணவர்களைக் கல்லூரிக்குத் தயார் செய்யும் திட்டம் என்று பெரிய எழுத்தில் போட்டு, அதைவிடப் பெரிய எழுத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டிருப்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் குடல் புரண்டு, கையில் பாலித்தீன் பையோடு இறங்குகிற பயிற்சியாளர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக மைக்கைப் பிடிப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை கற்றுக்கொடுப்பார்கள். முதல் வருஷமே எனக்குக் குமட்டிவிட்டது. அவர்களுடைய வாந்தியைப் பார்த்து அல்ல.

செம்மேட்டுப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் தாவரவியல் டீச்சர். என் ஊர் மலையடிவாரத்தில், முள்ளுக்குறிச்சி. காலை பஸ்ஸில் ஏறி வந்து சாயங்கால பஸ்ஸில் இறங்கிப் போகிறவள். இந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாசிரியை என்று ஒருவர் வேண்டுமாம். தலைமையாசிரியர் அதை என் தலையில் கட்டிவிட்டார். அவரும் பாவம். பல்கலைக்கழகம் இனாமாகக் கொடுத்த கம்ப்யூட்டர்கள் ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருக்கும்போது அவர் எப்படி வாயைத் திறப்பார்?

அவர்கள் தயார் செய்கிற லட்சணத்தைச் சொல்கிறேன். கைகுலுக்கும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். முள்கரண்டியை இடது கையில் பிடிக்க வேண்டும். ‘என்னால் முடியும்’ என்று கூரை அதிரக் கத்த வேண்டும். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டும், விடுதிக்கு எங்கே விண்ணப்பிப்பது, சாதிச் சான்றிதழை எப்போது வாங்கி வைப்பது, இதில் ஒன்றைக்கூட அவர்கள் வாயால் நான் கேட்டதில்லை. அரசுக் கல்லூரி என்ற வார்த்தை தவறியும் வராது. வந்தால் பிள்ளை பிடிக்கிற வேலை கெட்டுப்போகுமே. காலையில் எல்லாருக்கும் ஆளுக்கொரு டீ-ஷர்ட் கொடுத்து மாட்டச் சொல்வார்கள். குரூப் போட்டோ எடுத்ததும் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். அடுத்த பள்ளிக்கு வேண்டுமாம். வியர்வையோடு அதை மடித்துப் பெட்டியில் அடுக்குவதைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனையையும் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், அவர்கள் வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிற இலவச இடம். படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். போன வருஷம் அதற்கு என் வகுப்பிலிருந்து ஒருத்தி தகுதியாக இருந்தாள். மலையில் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சின்ன ஊர்க்காரி. ஜீப் நிற்கிற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். அப்பாவுக்கு மிளகும் மரவள்ளியும், கொஞ்சம் சாமையும். அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தை முடிக்கப்போகிற முதல் ஆள் இவள்தான். மிளகுக் கொடி திடீர் திடீரென்று ஏன் வாடிச் சாகிறது என்று என்னைக் குடைந்துகொண்டே இருப்பாள். விவசாயப் படிப்பு படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அரசுக் கல்லூரியில் அதற்கு அவள் மதிப்பெண் போதுமா என்பது சந்தேகம். இவர்களிடமும் அந்தப் படிப்பு உண்டு. இந்த இடம் கிடைத்தால் ஆயிற்று, இல்லாவிட்டால் மரவள்ளிக் காட்டில் அப்பாவோடு நிற்க வேண்டியதுதான்.

இடத்தை முடிவு செய்ய அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பல்கலைக்கழக அரங்கில் ஒரு நிறைவு விழா. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒரு பிள்ளை மேடையேறித் தன் கதையைச் சொல்ல வேண்டும். பெற்றோர் கட்டாயம் கூட வர வேண்டும். எந்தக் கதை உருக்குகிறதோ அதற்கு இடம்.

அதற்கு முன்னால் வீடு பார்க்கும் படலம். திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர், ஒரு பயிற்சியாளர் அம்மாள், கேமராக்காரர், டிரைவர் ஆகியோரோடு நானும் போனேன். வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தபோது அவள் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

“வாங்க வாங்க. ஏனுங்க டீச்சர், வேர்த்துப் போச்சுங்களே. மொதல்ல சாப்புட்டுட்டு அப்புறம் எதா இருந்தாலும் பேசிக்கலாமுங்க.”

நாட்டுக்கோழி அடித்து, அவர்கள் மிளகையே இடித்துப் போட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். சாமைச் சோறு, ரசம், கடைசியில் மலை வாழைப்பழம். ஒருங்கிணைப்பாளர் மறுசோறு வாங்கினார். அதற்கும் மறுசோறு வாங்கினார். பயிற்சியாளர் அம்மாள் குழம்பைச் செய்யும் விதம் கேட்டுப் போனில் பதிந்துகொண்டார். முள்கரண்டி ஞாபகம் அன்றைக்கு யாருக்கும் வரவில்லை. டிரைவருக்குத் தனியாக ஒரு தூக்குவாளியில் கட்டிக் கொடுத்தார் அந்த மனிதர்.

கை கழுவியதும் வேலை தொடங்கியது. சுவரோரம் நின்ற மோட்டார் சைக்கிளைக் கேமராக்காரர் பின்பக்கம் தள்ளச் சொன்னார். டிவியின் மேல் ஒரு சாக்கைப் போர்த்தினார்கள். அலமாரியில் பளபளவென்று அடுக்கியிருந்த எவர்சில்வர் பாத்திரங்களைப் பயிற்சியாளர் அம்மாளே இறக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிறகு அடுப்பங்கரையில் அந்தப் பெண்ணைக் காலிச் சட்டியோடு உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். எந்தச் சட்டி என்றால், இப்போதுதான் இவர்கள் வழித்துத் தின்று முடித்த சட்டி. அவள் அப்பா ஒன்றும் புரியாமல், “கழுவிக் குடுக்கட்டுங்களா?” என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்கள்.

மறுவாரம் பேச்சு எழுதும் நாள். அவள் மிளகுக் கொடியைப் பற்றி எழுதியிருந்தாள். ஒரே மழையில் ஒரு தோட்டத்துக் கொடிகள் முழுவதும் கறுத்துப்போனதையும், அப்பா ஒவ்வொரு கொடியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனதையும் எழுதியிருந்தாள். நான் அதை இரண்டு தடவை படித்தேன். ஒருங்கிணைப்பாளர் அதை அரைப் பக்கம்கூடப் படிக்கவில்லை.

“இது புராஜெக்ட் மாதிரி இருக்கும்மா. எமோஷன் இல்லை. நீ பசியோட ஸ்கூலுக்கு வந்த நாள் எதாவது சொல்லு.”

“அப்பிடி வந்ததில்லீங்க சார்.”

“ஒரு நாள்கூடவா? யோசிச்சுப் பாரும்மா. எல்லா வீட்லயும் இருக்கும்.”

நான் குறுக்கே போனேன். “சார், நீங்க அந்த வீட்ல சாப்பிட்டீங்க. மறுசோறு வாங்கிச் சாப்பிட்டீங்க.”

அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு மரியாதை வந்திருக்கும். “மேடம், மார்க் எல்லாப் பிள்ளையும் எடுக்குது. பணம் தர்றவங்க முன்னாடி கதை நிக்கணும். உங்க பொண்ணுக்கு சீட் வேணுமா, வேண்டாமா?”

அவளைத் தனியாக அழைத்து, உனக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிடு கண்ணு, வேறு வழி பார்ப்போம் என்றேன். வேறு வழி என்னவென்று அவள் கேட்டாள். அரசுக் கல்லூரியில் வேறு எதாவது பாடம் என்றேன். எனக்கு விவசாயந்தானுங்க வேணும் டீச்சர் என்றாள். அதற்கு மேல் அந்தப் பிள்ளையிடம் நான் என்ன வாதாட முடியும்?

இதில் எத்தனை பெரிய அசிங்கம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. எங்கள் பக்கத்தில் தானியம் தீர்ந்துபோனாலும் வீட்டில் சோறு இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது அந்த வீட்டிலேயே தங்கிவிடும் என்று பயம். குழந்தை விளையாட்டாகச் சொன்னால்கூட வாயில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அடிவாரத்தில் என் வீட்டிலும் அப்படித்தான், மலையில் இன்னும் கறார். நிஜமாகவே பட்டினி கிடந்தவர்கள்கூடச் சொல்லாத சொல்லை, சட்டி நிறையச் சமைக்கிற வீட்டுப் பிள்ளைக்கு மைக்கில் சொல்லப் பழக்கினார்கள்.

விழா அன்று அவள் அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்து வந்தார். புள்ளையைப் படிக்க வைக்கிறவர்களுக்காம். கேட்டில் செக்யூரிட்டி அதை வாங்கித் தன் கூண்டுக்குள் வைத்துக்கொண்டார். பேச்சு எதைப் பற்றி என்று அவள் அப்பாவுக்குத் தெரியாது. மிளகைப் பற்றி என்று மகள் சொல்லியிருந்தாள்.

முன்வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் மேடையேறினாள். பின்னால் திரையில் அந்தச் சட்டிப் படம். “எங்க வீட்டுல பல நாள் அடுப்பு எரியாது. அப்பா எங்களுக்குத் தண்ணி குடுத்துப் படுக்க வைப்பாரு” என்று தொடங்கினாள். மனப்பாடம் செய்த குரல். நான் பக்கத்திலிருந்த அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் அவர் கைகளைப் பார்த்தேன். வேட்டி முனையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். பின்வரிசைகளில் மூக்கு உறிஞ்சும் சத்தம். பயிற்சியாளர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோழிக் குழம்பு செய்முறை அந்த அம்மாளின் போனில் அப்போதும் இருந்திருக்கும். எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கேட்டால் அவளுக்கு இடம் போய்விடும்.

அதோடு விட்டார்களா? அப்பாவை மேடைக்கு அழையுங்கள் என்றார் சிறப்பு விருந்தினர். அப்பா ஏறியதும் தொகுப்பாளர் பெண் அவர் வாயருகே மைக்கை நீட்டினாள்.

“ஐயா, உங்க மகள் சொன்னதைக் கேட்டோம். பசியோட பிள்ளையை அனுப்பினப்போ உங்க மனசு எப்படி இருந்துச்சு?”

அவர் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரங்கம் காத்திருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மானம் மிஞ்சும், மகளின் படிப்பு போய்விடும்.

“ஆமாங்க” என்றார். பிறகு மைக்கை விட்டுக் கொஞ்சம் விலகி, “ஊட்டுல சோறு இல்லீங்க” என்றார்.

கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை. இடம் அவளுக்குத்தான் கிடைத்தது. அங்கே போட்ட விருந்துச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கம் திரும்பி, “எடம் கெடச்சிருச்சுங்களே டீச்சர், அது போதுமுங்க” என்று மட்டும் சொன்னார்.

பல்கலைக்கழகம் இணையத்தில் போட்ட விழா வீடியோ மலை முழுக்கப் போன் போனாகச் சுற்றியது. செம்மேட்டுச் சந்தையில் சொந்தக்காரர் ஒருவரே அவரைப் பிடித்து, ஏனப்பா, புள்ளைக்குக் கஞ்சிகூட ஊத்தலையாமா என்று சிரித்துக்கொண்டு கேட்டாராம். அதன் பிறகு அவர் சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டார். மரவள்ளியைக் காட்டிலிருந்தே லாரிக்குப் போட்டுவிடுகிறார் என்று கேள்விப்பட்டேன். வீடியோவை எடுத்துவிடச் சொல்லி நான் இரண்டு தடவை பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். அது நன்றாக ஓடுகிறது மேடம் என்றார்கள்.

இந்த வருஷமும் பஸ் வந்தது. அதிலிருந்து அவளும் இறங்கினாள். கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. மாணவத் தூதர் என்று ஒரு பதவி கொடுத்திருக்கிறார்கள். பள்ளி பள்ளியாக அழைத்துப்போய் அதே பேச்சைப் பேச வைக்கிறார்களாம். என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப் பழக்கியது இந்த முறை அவள்தான். “அப்பாவைப் பத்திச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்துங்க. உடனே அடுத்ததுக்குப் போயிராதீங்க. அங்கதான் கைதட்டுவாங்க” என்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

மகள் வருகிறாள் என்று கேள்விப்பட்டு அவள் அப்பா காலையிலேயே எனக்குப் போன் செய்திருந்தார். மத்தியானம் ஊட்டுக்கு அனுப்பிச்சு வுடுங்க டீச்சர், ஜீப்புக்குச் சொல்லி வெச்சிருக்கேனுங்க என்றார். சாப்பாட்டு மணி அடித்ததும் அவளிடம் போய்ச் சொன்னேன். அப்பா காத்திருக்கார் கண்ணு, ஓடிப் போய்ட்டு வந்துரு என்றேன்.

“வேண்டாங்க டீச்சர்.”

“ஏன், கோபமா இருப்பாருன்னு பயமா?”

“அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க. உக்கார வெச்சு வயிறு முட்டச் சோறு போடுவாருங்க. அதைத் தின்னுட்டு வந்து, மறுபடியும் இங்க நின்னு நான் எப்பிடிங்க பேசறது?”

மைக்கில் அவளைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

நான்தான் அவருக்குப் போன் செய்தேன். பிள்ளைக்கு நேரமில்லை, வேலை இருக்கிறது என்றேன். அப்படிங்களா என்றார். நான் போனை வைக்கப் போகும்போது கேட்டார்.

“புள்ள சாப்புட்டுதுங்களா டீச்சர்?”