பந்தியில் கடைசி இரண்டு இலை

இன்று காரைக்குடியில் ஒரு கல்யாணம். எடை குறைக்கும் ஊசியை நேற்றுதான் போட்டிருந்தேன். பந்தியில் உட்கார்ந்ததுமே எண்ணெய் வாசனைக்குக் குமட்டியது.

"கொஞ்சமா, மெதுவாச் சாப்பிடுங்க" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் எங்கள் ஊர்ப் பந்தியைப் பார்த்ததில்லை போலும். அடுத்த பந்திக்காரர்கள் என் நாற்காலியைப் பிடித்தபடி பின்னாலேயே நின்றார்கள்.

வரிசையே எழுந்துபோன பிறகும் நானும் பக்கத்து இலை அக்காவும் மட்டும் மிச்சம். அவர் இலையிலும் எண்ணெயில் பொரித்த இனிப்பான கந்தரப்பம் தொடாமல் கிடந்தது.

அக்கா மெல்லக் கேட்டார்: "எந்தக் கிழமை போடுறீக?"

"சனிக்கிழமை. நீங்க?"

"புதன். அதான் இன்னைக்கு ஏதோ உக்காந்திருக்கேன். விசேஷம் வந்தா கிழமைய மாத்தலாமான்னு டாக்டர்ட்டக் கேளுங்க. எண்ணெய்ப் பலகாரம் வேணாம். வயிறு போதும்னா நிறுத்திருங்க. வாந்தி நிக்கலைன்னா மட்டும் சும்மா இருந்துறாதீக, ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

அதற்குள் பெண்ணின் அப்பா வந்துவிட்டார். இலைகளைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. "சமையல் சரியில்லையாத்தா?"

ஊசி என்று சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை.

"ஐயோ, கந்தரப்பம் அருமைண்ணே! காலையில பலகாரத்த ஒரு பிடி பிடிச்சுட்டோம், அதான்" என்றார் அக்கா. நானும் வேகமாகத் தலையாட்டினேன்.

பெண்ணின் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "இங்குட்டு ரெண்டு பேருக்கும் கந்தரப்பம் நிறையக் கட்டிக் குடுங்கப்பா!"

இப்போது வீட்டில் ஒரு தூக்குச்சட்டி நிறையக் கந்தரப்பம் இருக்கிறது. ஊசி போடாத நண்பர்கள் யாராவது மிச்சம் இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.